கணக்குப் பீரியடின் முதல் ஐந்து நிமிடம்

கணக்குப் பீரியடின் முதல் ஐந்து நிமிடம் எப்படிப் போகிறது என்று எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வருகைப் பதிவு, வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் எழுந்து நிற்பது, யாரோ ஒரு பிள்ளை கரும்பலகையைத் துடைப்பது, அப்புறம் "பயிற்சி 3.2 எடுங்க, நாலாவது கணக்கு". சில வகுப்புகளில் இதற்கு நடுவே ஏழாம் வாய்பாடு, பன்னிரண்டாம் வாய்பாடு என்று இரண்டு மூன்று பேரைக் கேட்பார்கள். சொன்னவன் உட்காருவான், சொல்லாதவன் நிற்பான். இந்த நேரத்தை உருப்படியாகப் பயன்படுத்த வேண்டும் என்று பயிற்சிக் கூட்டங்களில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். யூடியூபில் தேடினால், பாடத்துக்கு முன் பிள்ளைகளைத் தயார்படுத்தும் 'வார்ம்-அப்' விளையாட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அது எதற்கு, எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளாமல் விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனால், கைதட்டலும் சிரிப்புமாக ஐந்து நிமிடம் போய்விடும், கணக்கு அப்படியே இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் எவ்வளவு உற்சாகமானார்கள் என்பதை வைத்து வார்ம்-அப்பை எடைபோடக் கூடாது. முன்பு படித்தது இன்று அவர்களுக்குக் கைகொடுத்ததா, அவர்கள் மண்டைக்குள் ஓடுவது ஆசிரியரின் காதில் விழுந்ததா, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டும் என்றால், இதற்கு ஆகும் நேரம் சின்ன நேரம் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலைநாள். நாளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 1,100 நிமிடம். 40 நிமிடப் பீரியடாகக் கணக்குப் போட்டால் 27 பீரியடுக்கு மேல் வருகிறது, அதாவது ஒரு மாதத்துக் கணக்கு வகுப்பு முழுவதும். போர்ஷன் முடியவில்லை என்று தவிக்கும் ஆசிரியரிடம் இதைக் கேட்கிறோம் என்றால், அந்த ஒரு மாதத்துக்கு ஈடான பலன் இருந்தாக வேண்டும்.

வகுப்பைத் தொடங்க ஒரு முறை வேண்டும் என்ற யோசனை ஒன்றும் புதிது இல்லை. பி.எட். படித்த எல்லோரும் பாடக் குறிப்பில் 'ஆயத்தம்' என்று ஒரு பத்தி எழுதியிருப்பார்கள். அது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஹெர்பார்ட் என்ற கல்விச் சிந்தனையாளரின் வழிவந்தவர்கள் வகுத்த ஐந்து படிகளில் முதல் படி. புதுப் பாடத்துக்குத் தேவையான பழைய அறிவை முதலில் கிளறிவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் ஊரிலேயே பார்த்தால், திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி என்ற வாய்பாட்டு நூலை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். வெறும் ஈரெண்டு நாலு மட்டும் இல்லை. முந்திரி, காணி, மா என்று 320இல் ஒன்று, 80இல் ஒன்று, 20இல் ஒன்று எனப் போகும் பின்னங்களுக்கும் வாய்பாடு இருந்தது. நிலம் அளப்பதற்கும் நெல் அளப்பதற்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருந்த காலத்தில் அந்தப் பயிற்சிக்கு நேரடிப் பயன் இருந்தது.

நவீனப் பள்ளியில் இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் குட், டக்ளஸ் குரோஸ் இருவரும். நான்காம் வகுப்பு ஆசிரியர்களுக்கு அவர்கள் கொடுத்த பாட அமைப்பில் முதல் எட்டு நிமிடம் திருப்பிப் பார்க்கும் நேரம்; வீட்டுப்பாடத்தில் வந்த கருத்துகளைத் தொட்டுவிட்டு, சில மனக்கணக்குகளும் கேட்க வேண்டும். அந்த அமைப்பின்படி நடந்த வகுப்புகள் மற்ற வகுப்புகளை விடக் கூடுதலாக முன்னேறின என்று 1979இல் எழுதினார்கள். பின்னால் பாரக் ரோசன்ஷைன் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் திறமையான ஆசிரியர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, அவர்கள் பாடத்தை ஐந்து முதல் எட்டு நிமிடத் திருப்புதலோடு தொடங்குகிறார்கள் என்பதைத்தான் முதல் கொள்கையாக வைத்தார். இங்கிலாந்தில் 1999இல் எண்ணறிவுத் திட்டம் வந்தபோது, ஒவ்வொரு நாள் கணக்கு வகுப்பும் ஐந்து முதல் பத்து நிமிட வாய்மொழிக் கணக்கோடு தொடங்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் ஒரே வடிவம் கொடுத்தார்கள்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது?

முதல் காரணம் நினைவு சம்பந்தப்பட்டது. ஒன்றை மறுபடி மறுபடி வாசிப்பதை விட, புத்தகத்தை மூடிவிட்டு அதை நினைவிலிருந்து எடுக்க முயல்வது அதிக நாள் நிற்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் கல்லூரி மாணவர்களை வைத்து இதைக் காட்டினார்கள். உரைப்பகுதியை இரண்டாம் முறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பாடம் நடத்தி முடித்த அன்று வகுப்பே தலையாட்டுவதும், அடுத்த திங்கட்கிழமை அதே வகுப்பு விழிப்பதும் ஏன் என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

இரண்டாவது, கலந்து கேட்பது. புத்தகத்தில் ஒரு பயிற்சி முழுக்க ஒரே வகைக் கணக்குதான் இருக்கும். தனிவட்டிப் பயிற்சியில் இருப்பதெல்லாம் தனிவட்டி. எந்தச் சூத்திரம் என்று பிள்ளை யோசிக்கவே வேண்டியதில்லை, எண்ணைப் போட்டால் போதும். தேர்வில்தான் முதல்முறையாக 'இது என்ன வகைக் கணக்கு' என்ற கேள்வி எழுகிறது, அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபுளோரிடாவில் டக் ரோரரும் உடன் பணியாற்றியவர்களும் 54 ஏழாம் வகுப்புகளில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவுக்குப் பல பாடங்களின் கணக்குகளைக் கலந்து கொடுத்தார்கள், மற்றொரு பிரிவுக்கு வகைவாரியாகக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் தேர்வு. கலந்து செய்தவர்களின் சராசரி 61 சதவீதம், மற்றவர்களுக்கு 38. அந்த ஆய்வு வார்ம்-அப் பற்றியது இல்லை, வகுப்பில் செய்யும் பயிற்சித்தாள் பற்றியது. ஆனால் நம் பாடப்புத்தகத்தின் அமைப்பை மாற்றுவது ஆசிரியர் கையில் இல்லாதபோது, கலந்து கேட்க அவருக்கு என்று இருக்கும் இடம் இந்த ஐந்து நிமிடம்தான். கரும்பலகையில் நான்கு சின்னக் கணக்கு: நேற்றையதில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, இரண்டு மாதத்துக்கு முந்தையதில் ஒன்று, இன்றைய பாடத்துக்குத் தேவைப்படுவது ஒன்று. பத்தாம் வகுப்பில் உயரங்களும் தொலைவுகளும் தொடங்கும் நாளில் அந்த நான்காவது கணக்கு, 10ஐ √3ஆல் வகுத்து எளிய வடிவில் எழுதுவதாக இருக்கட்டும். முக்கோணவியல் நன்றாகப் புரிந்தும் கடைசி வரியில் √3 பின்னத்தின் பகுதியில் (கீழே) வந்து நின்றதும் திணறும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இது ஒரு வகை. இன்னொரு வகைதான் எனக்கு இன்னும் பிடித்தது, ஆனால் இதைச் சரியாகச் செய்வது கடினம்: ஒரே ஒரு கணக்கைக் கொடுத்துப் பிள்ளைகளைப் பேச விடுவது. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் கேத்தி ரிச்சர்ட்சனும் ரூத் பார்க்கரும் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள், 'நம்பர் டாக்' என்று பெயர். பேப்பர், பேனா கிடையாது. கணக்கை எழுதிவிட்டு ஆசிரியர் காத்திருப்பார். விடை கிடைத்தவர்கள் கையைத் தூக்கக் கூடாது, நெஞ்சருகே கட்டைவிரலை மட்டும் காட்ட வேண்டும். இன்னொரு வழியும் தெரிந்தால் இன்னொரு விரல். பிறகு விடைகளைக் கேட்டு, சரி தவறு சொல்லாமல் எல்லாவற்றையும் எழுதி, எப்படி வந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும்.

16 × 25 என்று எழுதுங்கள். ஆறாம் வகுப்பில் என்னென்ன வரும் என்று பார்ப்போம். ஒரு பிள்ளை மனதுக்குள்ளேயே கரும்பலகை வைத்துக்கொண்டு 80, 32 என்று ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிப் பெருக்கியிருக்கும். இன்னொன்று பத்து இருபத்தஞ்சு 250, ஆறு இருபத்தஞ்சு 150, மொத்தம் 400 என்று சொல்லும். ஒருவன் 16ஐப் பாதியாக்கி 25ஐ இரட்டிப்பாக்கி 8 × 50 என்றும், மறுபடி 4 × 100 என்றும் கொண்டுபோயிருப்பான். நாலு 25 சேர்ந்தால் 100, 16இல் நாலு நாலு இருக்கிறது, அதனால் 400 என்பது இன்னொரு வழி. 25 பைசா புழங்கிய காலமாக இருந்தால் இந்த வழிதான் முதலில் வந்திருக்கும். அது 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டது, இப்போதைய பிள்ளைகள் அதைக் கையில் தொட்டதே இல்லை.

யாராவது ஒருவர் 230 என்று சொல்வார். இதற்குத்தான் காத்திருக்க வேண்டும். "எப்படிம்மா வந்தது?" என்று கேட்டால், "பத்து இருபது 200, ஆறஞ்சு 30, மொத்தம் 230 சார்" என்று சொல்லும். யோசித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளை சும்மா உளறவில்லை. 16ஐ 10ஆகவும் 6ஆகவும், 25ஐ 20ஆகவும் 5ஆகவும் பிரித்தது சரியான யோசனை. கூட்டலில் பத்தைப் பத்தோடும் ஒன்றை ஒன்றோடும் சேர்த்து முடித்துவிடலாம், அதே பழக்கத்தைப் பெருக்கலுக்குக் கொண்டுவந்துவிட்டது. இப்போது ஒரு செவ்வகம் வரையுங்கள், நீளம் 25, அகலம் 16. நீளத்தை 20, 5 என்றும் அகலத்தை 10, 6 என்றும் பிரித்துக் கோடு போட்டால் நான்கு கட்டம் வரும். அந்தப் பிள்ளை சொன்னது 200ம் 30ம். விட்டுப்போனது எது என்று கேட்டால் வகுப்பே சொல்லும்: ஆறு இருபது 120, பத்து அஞ்சு 50. நான்கையும் கூட்டினால் 400. இதே செவ்வகம்தான் இரண்டு வருடம் கழித்து (a + b)(c + d) என்று வரப்போகிறது, (a + b)² என்பதை a² + b² என்று எழுதும் அந்தப் புகழ்பெற்ற தவறும் இதே 230 தவறுதான். ஆறாம் வகுப்பில் ஐந்து நிமிடத்தில் அது வெளியே வந்துவிட்டது. தேர்வுத் தாளில் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருந்தால் வந்திருக்குமா?

இங்கே ஆசிரியர் ஒரு இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும். 230 என்று கேட்டதும் முகம் மாறினால் போச்சு, அடுத்த நாள் அந்தப் பிள்ளை கட்டைவிரலைக் காட்டாது. 400 என்று கேட்டதும் "வெரி குட்" என்றால் மற்ற விடை சொன்னவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்வார்கள். காத்திருப்பதும் அப்படித்தான். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவில்தான் இருந்தது. அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பதில் சொல்லும் பிள்ளைகள் கூடினார்கள். மூன்று விநாடி என்பது கேட்கத்தான் சின்னது. நாற்பது பேர் முன்னால் நின்றுகொண்டு சும்மா இருந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

இதோடு சேர்ந்ததுதான் வேகப் போட்டி. 'யார் முதலில் சொல்கிறார்கள் பார்ப்போம்' என்பது நம் வகுப்புகளில் ரொம்பப் பிரபலமான வார்ம்-அப். பார்க்கக் கலகலப்பாக இருக்கும். நடப்பது என்னவென்றால், முன்பெஞ்சில் மூன்று பேர் பதில் சொல்கிறார்கள், அவர்கள் கை உயர்ந்த அந்த நொடியே மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஏற்கெனவே பயந்தவர்களுக்கு இன்னும் மோசம். மனதில் கணக்குப் போடும்போது இடைவிடைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நினைவிடம் நம் எல்லோருக்கும் ரொம்பக் குறைவு. அதில் ஒரு பகுதியைப் பயம் எடுத்துக்கொள்கிறது. ஆஷ்கிராஃப்ட், கர்க் என்ற உளவியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மீதியை ஏற்றிக் கூட்ட வேண்டிய கணக்குகளோடு வேறொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னபோது, கணக்குப் பயம் அதிகம் உள்ளவர்களிடம் தவறுகள் மிகவும் கூடின. தெரிந்த கணக்கே அந்த நேரத்தில் வராமல் போகிறது என்று பொருள். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையில் என்.சி.இ.ஆர்.டி. அமைத்த கணிதக் கல்விக் குழு 2006இல் தந்த அறிக்கையில், நாட்டின் கணக்குக் கல்வியில் உள்ள சிக்கல்களில் முதலாவதாகச் சொன்னதே பெரும்பாலான பிள்ளைகளிடம் இருக்கும் பயமும் தோற்றுப்போன உணர்வும்தான். அப்படிப்பட்ட ஒரு பாடத்தைத் தினமும் ஒரு ஓட்டப்பந்தயத்தோடு தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காக வேகமே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. வாய்பாடு நாக்கு நுனியில் இருந்தால்தான் காரணிப்படுத்தும்போது மூளை காரணியைப் பற்றி யோசிக்கும், ஏழெட்டு எவ்வளவு என்று தேடிக்கொண்டிருக்காது. ஜப்பானில் பத்துக்குப் பத்துக் கட்டம் போட்டு நூறு விடைகளையும் நேரம் பார்த்து நிரப்பும் 'ஹியாகுமாசு' பயிற்சி உண்டு, ககேயாமா ஹிதேயோ என்ற ஆசிரியர் அதைப் பிரபலமாக்கினார். அதில் பிள்ளை தன் நேரத்தைக் குறித்துக்கொண்டு நேற்றைய தன்னோடுதான் போட்டி போடலாம், பக்கத்தில் இருப்பவனோடு இல்லை. வாய்பாட்டுப் பயிற்சி தேவை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது எடுத்துக்கொள்ளலாம்.

அன்றைய பாடத்துக்குள் நேராகக் கொண்டுபோய் விடும் வார்ம்-அப் இன்னும் மதிப்பானது. எட்டாம் வகுப்பில் முற்றொருமைகள் தொடங்கும் நாள் என்று வையுங்கள். 20 × 20 எவ்வளவு? 400. அதன் கீழே 19 × 21. சிலர் 400 என்றே சொல்வார்கள், ஒன்று குறைந்து ஒன்று கூடியதால் சரியாகிவிடும் என்ற நினைப்பில். போட்டுப் பார்த்தால் 399. அடுத்து 18 × 22, விடை 396. இங்கே நிறுத்தி 17 × 23 எவ்வளவு வரும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள், பெருக்க வேண்டாம். 400இலிருந்து குறைந்தது முதலில் 1, அப்புறம் 4. "அடுத்து 9 குறையும் மிஸ்" என்று யாராவது ஒருவர் சொல்வார், சரிபார்த்தால் 391 வரும். ஏன் வர்க்க எண்களாகக் குறைகிறது என்ற கேள்வியைத் தொங்கவிட்டுவிட்டு (a + b)(a − b) என்று கரும்பலகையில் எழுதினால், அந்தச் சூத்திரம் அவர்கள் கேட்ட கேள்விக்கு வரும் பதிலாக இருக்கும். ஐந்து நிமிடம் எங்கே முடிந்தது, பாடம் எங்கே தொடங்கியது என்று தனியாகச் சொல்ல முடியாது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கில் எது சேராதது என்று கேட்பது நமக்குப் பழக்கமானது. அதையே நான்கில் எதை வேண்டுமானாலும் சேராதது என்று வாதாட முடிகிற மாதிரி அமைப்பதைக் கிறிஸ்டோபர் டேனியல்சன் என்ற அமெரிக்கக் கணக்கு ஆசிரியர் பரவலாக்கினார். 3, 9, 15, 20 என்று எழுதிப் பாருங்கள்: 3 மட்டும் பகா எண், 9 மட்டும் வர்க்க எண், 15 மட்டும் ஈரிலக்க ஒற்றை எண், 20 மட்டும் இரட்டைப்படை. ஒரே விடை இல்லாததால் தவறிவிடுவோமோ என்ற பயமும் இல்லை, அதே சமயம் பகா எண், வர்க்க எண் என்ற சொற்களைப் பிள்ளைகளே பயன்படுத்தியாக வேண்டும். உத்தேசமாகச் சொல்வது இன்னொன்று. ஆண்ட்ரூ ஸ்டேடல் என்ற அமெரிக்க ஆசிரியர் பள்ளி நாள் ஒன்றுக்கு ஒரு படம் என்று 180 நாளுக்குத் தொகுத்தார். நமக்குப் படம் கூட வேண்டாம், ஒரு கண்ணாடி பாட்டிலில் புளியங்கொட்டை போதும். நிச்சயம் இதை விடக் குறைவு, நிச்சயம் இதை விட அதிகம் என்று இரண்டு எண்களைச் சொல்லச் சொல்லிவிட்டு அப்புறம் உத்தேசத்தைக் கேட்டால், சும்மா ஒரு எண்ணை வீசுவது குறைந்துவிடும். தீக்குச்சிப் புதிர், 'என் வயதைக் கண்டுபிடி' போன்றவற்றை மாதத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே விடை தெரிந்தவன் கத்திவிடுவான், தெரியாதவர்களுக்கு அதிலிருந்து அடுத்த கணக்குக்கு எடுத்துப் போக எதுவும் இருக்காது.

நாற்பது, ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். எல்லோரையும் பேச வைக்க முடியாது, உண்மைதான். ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் தன் வழியைச் சொல்லச் சொன்னால் எல்லோருமே பேசியிருப்பார்கள், ஆசிரியர் பெஞ்சுக்கு நடுவே நடந்து காதைக் கொடுத்தால் போதும். பிறகு மூன்றே பேரைக் கூப்பிடலாம், அந்த மூன்று பேர் தினமும் அதே மூன்று பேராக இல்லாமல் இருந்தால் சரி. நான்கு கணக்கு வகை என்றால், பிள்ளைகள் உள்ளே வரும்போதே கரும்பலகையில் எழுதி வைத்திருக்க வேண்டும். வருகைப் பதிவு எடுக்கும் நேரத்திலேயே அவர்கள் நோட்டில் போட ஆரம்பித்துவிடுவார்கள், புதிதாக ஐந்து நிமிடம் தேட வேண்டியதில்லை.

நீண்டுபோவதுதான் பெரிய ஆபத்து. நல்ல பேச்சு நடக்கும்போது நிறுத்த மனம் வராது, பார்த்தால் இருபது நிமிடம் போயிருக்கும், அப்புறம் எடுத்துக்காட்டுக் கணக்கை அவசர அவசரமாக எழுதிப் போட்டுவிட்டு மணி அடித்துவிடும். முடியாவிட்டாலும் நிறுத்திவிடலாம். மீதி இருக்கும் வழிகளைக் கரும்பலகையின் ஓரத்தில் விட்டு வைத்து நாளைக்குத் தொடரலாம்.

இன்னொரு சிக்கல் இதை விடக் கடினமானது. இன்று பின்னக் கூட்டல் நடத்தலாம் என்று தயாராகப் போகிறோம், வார்ம்-அப்பில் 1/2க்கும் 1/3க்கும் எது பெரியது என்று கேட்டால் பாதி வகுப்பு 1/3 என்கிறது, 3 பெரிய எண் என்பதால். பாடக் குறிப்பேட்டில் இன்றைய தேதியில் பின்னக் கூட்டல் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. அந்த நிலையில் எத்தனை ஆசிரியர்களுக்குப் பாடத்தை நிறுத்தி, ஒரு தாளை எடுத்து மடித்துக் காட்ட அனுமதி இருக்கிறது? வார்ம்-அப் செய்யுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்புகிறவர்கள், அதில் தெரியவந்ததற்கு ஏற்ப அன்றைய பாடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் அதே சுற்றறிக்கையில் எழுத வேண்டும். பார்வையிட வரும் அலுவலர், குறிப்பேட்டில் இருப்பது நடக்கவில்லையே என்று கேட்டால், கரும்பலகை ஓரத்தில் பிள்ளைகள் சொன்ன விடைகளைக் காட்டி "இதனால்தான் சார்" என்று ஆசிரியர் சொல்லலாம், அது போதுமான பதிலாக ஏற்கப்பட வேண்டும்.